ஒரு லட்சத்து நூற்று ஐம்பத்தொன்று

என் வயதுக்காரர்களே, புது வண்டி எடுத்தால் நம்பரைக் கூட்டிப் பார்க்கிறீர்கள். பேத்தி பிறந்த தேதியைக் கூட்டுகிறீர்கள். கூட்டுத்தொகை பிடிக்காவிட்டால் குழந்தையின் பெயருக்கு நடுவில் வேண்டாத ஓர் எழுத்தைச் சொருகுகிறீர்கள். ஏன் என்று கேட்டால், "ஒரு நம்பிக்கைதானுங்க, இதுல யாருக்கு என்ன நட்டம்?" என்கிறீர்கள். யாருக்கு என்ன நட்டம் என்று எனக்குத் தெரியும். இத்தனை வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். சென்ற மாதம் ஒரு மண்டபத்தில், பந்தியில் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தபோது அந்தப் பொறுமை தீர்ந்துபோயிற்று.

ஆட்டையாம்பட்டிப் பக்கம் எங்களுக்கு ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலை ஒன்று இருந்தது. எங்களுக்கு என்பது பேச்சுக்குத்தான். ஆலை பெரியப்பாவுடையது. அப்பா அதில் ஓடியாடி வேலை பார்த்த தம்பி. ஒரே வளவுக்குள் இரண்டு வீடுகள். மரவள்ளிக்கிழங்கு வந்து இறங்கும் மாதங்களில் கிழங்கு கழுவிய தண்ணீர் வாய்க்காலில் தேங்கிப் புளிக்கும். அந்தப் புளிச்ச நாற்றம் எங்கள் பாவாடையில், தலைமுடியில், சாப்பாட்டுத் தூக்கில் எல்லாம் ஏறியிருக்கும். பள்ளிக்கூடத்தில் எங்கள் பக்கத்தில் உட்காரும் பிள்ளைகள் கொஞ்சம் தள்ளியே உட்காருவார்கள். எங்களுக்கு அது நாற்றமாகவே தெரியாது.

பெரியப்பாவுக்கு லாரிகளும் இருந்தன. எல்லா லாரியின் நம்பரும் கூட்டினால் ஒன்பது வரும். அப்படி வரும் நம்பர் கிடைக்கும்வரை வண்டியை ரோட்டில் இறக்கமாட்டார். முதலில் வாங்கிய லாரிக்கு மட்டும் கூட்டுத்தொகை எட்டு. அது தொப்பூர் இறக்கத்தில் கவிழ்ந்து, ஓட்டிப்போனவர் அங்கேயே போய்விட்டார். பெரியப்பாவின் சிநேகிதர் அவர், ஒரு தட்டில் சோறு தின்று வளர்ந்தவர். அந்த வண்டியில் பிரேக் சரியில்லை என்று ஓட்டினவர் முந்தின வாரமே சொல்லியிருந்ததை அப்பா எனக்குப் பிற்பாடு சொன்னார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். பிரேக்கைப் பார்க்காத பெரியப்பா நம்பரின் மேல் பழியைப் போட்டார். அதன்பிறகு எங்கள் வளவில் எட்டு என்ற சொல்லையே உரக்கச் சொல்லக்கூடாது. "ஏழும் ஒண்ணும்" என்போம். நான் அப்போது எட்டாம் வகுப்பு. என் வகுப்பைக் கேட்டால் ஏழும் ஒண்ணும் என்று சொல்லிக்கொண்டு திரிந்த வருடம் அது. கேட்டவர்கள் சிரித்தார்கள். பெரியப்பா சிரிக்கவில்லை.

அக்கா பிளஸ் டூ. என் உடன்பிறந்தவள். பெரியப்பாவின் மகனும் அதே பிளஸ் டூதான். ஆனால் அவன் ராசிபுரத்தில் ஹாஸ்டலில் தங்கிப் படித்தான். ஆண்பிள்ளைக்கு ஆலை நாற்றம் ஆகாது என்று பெரியம்மா அனுப்பி வைத்திருந்தார்.

அந்த வருடம் ஆலைக்குப் பின்னால் ஜவ்வரிசி காயப்போடப் புதிதாக ஒரு களம் போட்டார்கள். பழைய களத்தைவிடப் பெரியது. வழவழவென்று சிமெண்டு பூசி, தண்ணீர் கட்டி, காய்ந்து, எல்லாம் முடிந்துவிட்டது. ஆனாலும் சும்மா கிடந்தது. பெரியப்பாவுக்கு ஏற்ற தேதி கிடைக்கவில்லை. நாள், மாதம், வருடம் எல்லாவற்றையும் சேர்த்துக் கூட்டி ஒன்பது வரவேண்டும், அந்த நாளில் ராகுகாலம் தள்ளிப்போக வேண்டும், கரிநாளாக இருக்கக்கூடாது. பழைய களத்தில் பெண்கள் இடமில்லாமல் ஒருவர்மேல் ஒருவர் இடித்துக்கொண்டு ஜவ்வரிசியைப் பரப்பினார்கள். புதுக்களம் மாசி வெயிலில் வெறுமனே பளபளத்துக்கொண்டிருந்தது.

அக்காவுக்கு அது போதாதா? அடுப்பிலிருந்து கரித்துண்டும், சுவர் கட்டி மிச்சமான செங்கல் துண்டும் எடுத்துக்கொண்டு களத்தில் இறங்கிவிடுவாள். பரீட்சைக் கணக்கெல்லாம் அங்கேதான் போட்டாள். கரியில் கணக்கு, செங்கல்லில் விடை. நான் பின்னால் நகர்ந்துகொண்டே பார்த்துக்கொண்டிருப்பேன். சூடு ஏறி உட்கார முடியாமல் போகும்வரை எழுதுவாள்.

அவளுக்குப் பகா எண்கள் என்றால் கிறுக்கு. எனக்கும் அவள்தான் சொல்லித் தந்தாள். ஆறு கிழங்கை எடுத்து இரண்டு வரிசையாக அடுக்கினாள், பிறகு மூன்று வரிசையாக அடுக்கினாள். "இப்ப ஏழு வெச்சு அடுக்கு பாக்கலாம்" என்றாள். எப்படி அடுக்கினாலும் ஒன்று மிஞ்சியது, அல்லது குறைந்தது. ஒரே நெட்டு வரிசையாக வைத்தால்தான் உண்டு. "யாரு வந்தாலும் இத வரிசை பிரிக்க முடியாதுடி" என்றாள். கிழங்கின் மண் அவள் விரலிடுக்கெல்லாம் ஒட்டியிருந்தது.

பள்ளியில் ஹால் டிக்கெட் கொடுத்த சனிக்கிழமை மத்தியானம் அவள் சோறுகூடச் சாப்பிடவில்லை. பரீட்சை எண் ஒரு லட்சத்து நூற்று ஐம்பத்தொன்று. நேரே களத்துக்கு வந்தாள். "இதப் பாரு, பகா எண் மாதிரியே இருக்குது. சோதிக்கோணும்" என்றாள்.

சோதிப்பது என்றால் வகுத்துப் பார்ப்பதுதான். இரண்டில் போகாது, ஒற்றைப்படை. ஐந்தில் போகாது. இலக்கங்களைக் கூட்டினால் மூன்றின் மடங்கு இல்லை, அதனால் மூன்றிலும் போகாது. பிறகு ஏழு, பதினொன்று, பதின்மூன்று என்று ஒவ்வொரு பகா எண்ணாக வகுக்க வேண்டும். எதுவரைக்கும் என்று கேட்டேன். முந்நூற்றுப் பதின்மூன்று வரைக்கும் போதும் என்றாள். அதற்கடுத்த பகா எண் முந்நூற்றுப் பதினேழு. அதை அதனாலேயே பெருக்கினால் நம் எண்ணைத் தாண்டிவிடும். பெரிய எண் ஒன்று வகுத்தால் அதற்கு ஜோடியாகச் சின்ன எண் ஒன்று இருந்தாக வேண்டும், சின்னது எதுவும் இல்லையென்றால் பெரியதும் இல்லை. இதை அவள் களத்தின் குறுக்கே நடந்துகொண்டே சொன்னாள். எனக்கு அன்று பாதிதான் புரிந்தது.

ஞாயிற்றுக்கிழமையும் எழுதினாள். களத்தில் பாதி நிறைந்துவிட்டது. ஏழில் வகுத்தால் இரண்டு மிச்சம். பத்தொன்பதில் வகுத்தாலும் இரண்டு மிச்சம். நூற்றேழில் வகுத்தபோது நூற்றாறு மிச்சம் வந்தது. அக்கா கரியைக் கீழே வைத்துவிட்டாள். "ஐயோ, ஒண்ணுல தப்பிச்சுதுடி. இன்னும் ஒண்ணு இருந்திருந்தா நூத்தியேழுக்கு மாட்டியிருக்கும்" என்றாள். உயிர் பிழைத்த ஆட்டுக்குட்டியைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னாள். கடைசி வகுத்தலும் முடிந்து மிச்சம் நின்றபோது, செங்கல் துண்டை எடுத்து அந்த எண்ணைப் பெரிதாக எழுதிச் சுற்றி வட்டம் போட்டாள். ஆயிரத்தில் ஒருத்திக்குத்தான் இந்த மாதிரி நம்பர் கிடைக்கும் என்று அன்று எனக்குத் தோன்றியது. அப்படியொன்றும் அரிதில்லை, அந்த அளவு எண்களில் பன்னிரண்டுக்கு ஒன்று போலப் பகா எண்தான் என்று பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். பரவாயில்லை. அவளுக்குக் கிடைத்தது அது ஒன்றுதான்.

அந்தச் சந்தோஷத்தை மறைக்க அவளுக்குத் தெரியவில்லை. இரண்டு வீட்டு ஆண்களும் சேர்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த இடத்தில் போய் நின்று, "பெரியப்பா, என்ற பரீட்சை நம்பரு எதுலயும் வகுபடாதுங்க. சோதிச்சுப் பாத்துட்டேனுங்க" என்று எண்ணையும் சொன்னாள்.

பெரியப்பா ரசம் ஊற்றிய சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். இடதுகை விரல்களை மடக்கினார். ஒன்று, ஒன்று, ஐந்து, ஒன்று. அவ்வளவு நேரம்கூட ஆகவில்லை.

"எட்டு வருதே கண்ணு" என்றார். அந்தச் சொல்லை அவர் வாயால் நான் கேட்டது அன்றுதான்.

"அதுக்கு என்னங்க பெரியப்பா? கூட்டினா எட்டுன்னா, ஒம்போதுல வகுத்தா எட்டு மிச்சம்னு அர்த்தம். அவ்வளவுதானுங்க."

"இந்த வருசம் எழுத வேண்டாம் சாமி. அடுத்த வருசம் நல்ல நம்பரா வரும். எழுதிக்கலாம்."

அதட்டவில்லை, அடிக்கவில்லை. சாமி என்று கூப்பிட்டுத்தான் சொன்னார். அதுதான் எனக்கு இன்றைக்கும் பற்றி எரிகிறது. அப்பா என்ன செய்தார் தெரியுமா? மோர் கேட்டார். அண்ணன் சொன்னால் சொன்னதுதான் என்று வாழ்ந்த மனிதர், தன் மகளின் முகத்தைப் பார்க்காமல் மோர் கேட்டார். அம்மா கொண்டுவந்து ஊற்றினார்.

அக்கா சொன்னதில் ஒரு விஷயம் எனக்குப் பெரியவளான பிறகுதான் முழுதாக உறைத்தது. கூட்டுத்தொகை ஒன்பது வந்தால் அந்த எண் ஒன்பதால் வகுபடும். மூன்றோ ஆறோ வந்தால் மூன்றால் வகுபடும். பெரியப்பாவின் ஒன்பது நம்பர் லாரிகள் அத்தனையும் அக்காவின் கணக்கில் கூறு போட்டுவிடக்கூடிய எண்கள். பகா எண் ஒன்றுக்கு ஒன்பது வரவே வராது. எத்தனை பெரிய பகா எண்ணாக இருந்தாலும் சரி, அது எங்கள் வீட்டு வாசலில் நிராகரிக்கப்படும் என்பதுதான் பெரியப்பாவின் சட்டம்.

அன்று சாயங்காலம் அக்காவுக்கு நான் ஒரு யோசனை சொன்னேன். நம்பரைத் தப்பாகச் சொல்லிவிட்டேன், ஒரு லட்சத்து நூற்று ஐம்பத்திரண்டுதான் என்று சொல்லிவிடு, ஒன்பது வந்துவிடும் என்றேன். அவர் ஹால் டிக்கெட்டை வாங்கிப் பார்க்கப்போவதில்லை, அக்கா சொல்கிற கணக்கை அவர் சந்தேகப்பட்டதே இல்லை. அக்கா என்னை முறைத்தாள்.

"லட்சத்து நூத்தியம்பத்திரண்டா? அது ரெண்டுல போகும், மூணுல போகும், நூத்தியேழுல போகும். ஏன், எட்டுலயே போகும்டி. அதப் போயி என்ற நம்பருன்னு சொல்லச் சொல்றியா?"

எனக்கு அவளை அடிக்கலாம்போல இருந்தது. எட்டால் வகுபடுகிற எண் ராசியான எண், எட்டால் வகுபடவே செய்யாத எண் தரித்திரம் என்கிற வீட்டில், இவள் எண்ணின் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள்.

கணக்கு டீச்சர் வீட்டுக்கு வந்தார். சேதி கேள்விப்பட்டு பஸ் ஏறி வந்திருந்தார். இனிக் கவலையில்லை, படித்தவர், உறைக்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்பார் என்று நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். டீச்சர் காப்பி குடித்தார். அக்கா சென்டம் வாங்குவாள், கோயமுத்தூரில் காலேஜ் கிடைக்கும் என்றெல்லாம் சொன்னார். பெரியப்பா நம்பரைச் சொன்னார். டீச்சரின் முகம் சுருங்கியது.

"எட்டு கொஞ்சம் சங்கடம்தாங்க" என்றார். "சனிக்கிழமை எள்ளு விளக்குப் போட்டா தோசம் கொறையுமுங்க. எங்க ஊட்டுக்காரருக்கும் அப்படித்தான் போட்டேன்."

"பாத்தியா" என்று பெரியப்பா அப்பாவைப் பார்த்தார். "டீச்சரம்மாவே சொல்றாங்க. தோசம் இருக்கறது நெசந்தான?"

படித்தவர் வந்ததில் நடந்தது இதுதான். பரிந்து பேச வந்தவர் பெரியப்பாவுக்குச் சாட்சி சொல்லிவிட்டு பஸ் ஏறினார். கேணி வெட்டப் பூதம் புறப்பட்ட கதை. எள் விளக்கைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை. அந்த எண்ணெய்ச் செலவுக்குக்கூட அக்கா தகுதியில்லையோ என்னவோ.

இதற்குள் களத்துக்குத் தேதி கிடைத்துவிட்டது. பெரியப்பா களத்தைப் பார்க்கப் போனபோதுதான் அதில் இருந்த கரி எழுத்து அவர் கண்ணில் பட்டது. வெள்ளை வெளேரென்று இருக்கவேண்டிய ஜவ்வரிசியில் கரி ஒட்டினால் வியாபாரி வாங்கமாட்டான். அவர் கத்தியது அன்றைக்குத்தான். அக்காவிடம் அதைத் தேய்த்துக் கழுவச் சொன்னார். வாளியில் தண்ணீர், தேங்காய் நார், கொஞ்சம் மணல். பள்ளிக்கூடத்தில் மற்றவர்கள் கடைசித் திருப்புதல் தேர்வு எழுதிக்கொண்டிருந்தபோது, அக்கா மண்டிபோட்டு தன் வகுத்தல்களை ஒவ்வொன்றாகத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நானும் தேய்த்தேன். கரி சீக்கிரம் போய்விட்டது. செங்கல் வட்டம் மட்டும் சிமெண்டில் ஊறி இளஞ்சிவப்பாக நின்றது.

அப்போது பெரியப்பா மகன் ராசிபுரத்திலிருந்து வந்தான். பரீட்சைக்கு முன் பெற்றவர்கள் காலில் விழுந்து எழுந்து போக வந்திருந்தான். பெரியப்பா களத்தின் ஓரத்தில் நின்று லாரியில் மூட்டை ஏற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். டிரைவர் என்ஜினை நிறுத்தாமல் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார்.

"உன்ற நம்பரு என்ன?" என்று மகனைக் கேட்டார்.

அவன் ஏதோ ஒரு எண்ணைச் சொன்னான். லாரிச் சத்தத்தில் எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. பெரியப்பாவுக்கும் கூட்டுவதற்குப் பொறுமையில்லை. மண்டிபோட்டிருந்த அக்காவைப் பார்த்து, "நீ கூட்டிச் சொல்லு சாமி" என்றார்.

யோசித்துப் பாருங்கள். எந்தக் கணக்கால் அவளை நிறுத்தினாரோ, அந்தக் கணக்கை அவளிடமே போடச் சொன்னார். அதில் ஒரு கொடுமை இருக்கிறது என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

அக்கா நார் பிடித்த கையோடு நிமிர்ந்தாள். "இருபத்தேழுங்க பெரியப்பா. ஒம்போது வருது" என்றாள்.

பெரியப்பாவின் முகம் அப்படியே மலர்ந்தது. மகனின் தலையில் கைவைத்தார். அக்காவுக்கும் எனக்கும் சேர்த்து முறுக்குப் பொட்டலம் வாங்கிவரச் சொல்லி ஆளை அனுப்பினார். ஆட்டையாம்பட்டி கைமுறுக்கு. நான் தின்றேன். அக்கா தண்ணீரை வாரி ஊற்றிக்கொண்டிருந்தாள்.

கணக்குப் பரீட்சை நடந்த அன்றுதான் புதுக்களத்தில் முதல் ஜவ்வரிசி கொட்டினார்கள். தேங்காய் உடைத்தார்கள். பெண்களோடு பெண்ணாக அக்காவும் பலகை பிடித்துப் பரப்பினாள். சிவப்பு வட்டம் வெள்ளைக்கு அடியில் போனது. அடுத்த வருடம் நல்ல நம்பர் வரும் என்றார்களே, அடுத்த வருடம் வந்தது நல்ல வரன். அயோத்தியாப்பட்டணத்தில் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருந்த மாமா நல்லவர்தான், அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. பிறகு என் முறை வந்தபோது கூட்டுத்தொகை ஆறு, எட்டு இல்லை என்பதே பெரியப்பாவுக்குப் போதுமாக இருந்தது. மூன்றால் வகுபடுகிற சாதாரண எண். நான் பரீட்சை எழுதினேன், காலேஜ் போனேன், வங்கியில் வேலை பார்த்து விருப்ப ஓய்வும் பெற்றுவிட்டேன். என் அறிவில் பாதி அக்கா போட்ட பிச்சை. அவள் எழுத வேண்டிய பரீட்சையை அவளைவிட மண்டையில்லாத நான் எழுதினேன்.

சென்ற மாதம் பெரியப்பா மகனுக்கு அறுபதாம் கல்யாணம். இஞ்சினியராக வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். பெரியப்பா போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிவிட்டது. சீலநாயக்கன்பட்டி பக்கம் மண்டபம். மாலையும் கழுத்துமாக அண்ணன் மைக்கைப் பிடித்தான். நானும் அக்காவும் முதல் பந்தியில் உட்கார்ந்திருந்தோம்.

"இன்னைக்கு நான் இந்த நெலமையில இருக்கறதுக்கு எங்கப்பாவோட நம்பிக்கைதானுங்க காரணம்" என்றான். "பிளஸ் டூ பரீட்சை நம்பரு இன்னைக்கும் மனப்பாடமா இருக்குதுங்க. ஒண்ணு, ஒண்ணு, ரெண்டு, ஆறு, ஏழு, ஒம்போது. கூட்டுனா ஒம்போது. என்ற ராசி நம்பரு அது. இந்தப் போனைத் திறக்கறதுக்குக்கூட அதுதானுங்க."

ஊரே சிரித்துக் கைதட்டியது. எங்கள் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு நம்பர் காதில் விழுந்தால் விரல் தானாக மடங்கும். ஒன்றும் ஒன்றும் இரண்டு, நான்கு, பத்து, பதினேழு, இருபத்தாறு. இன்னொரு முறை கூட்டினேன். இருபத்தாறுதான். இரண்டும் ஆறும் எட்டு.

அக்காவைப் பார்த்தேன். அவள் அவியலை ஓரமாக ஒதுக்கிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இருபத்தாறு" என்றேன்.

"தெரியும்."

"நீ இருபத்தேழுன்னு சொன்னியே."

"ஒண்ணு சேத்துச் சொன்னேன்" என்றாள். "அவன் நம்பரு ஏழுல போறதுடி. அதுக்கு ஒண்ணு கூடினா என்ன, கொறஞ்சா என்ன?"

அவள் இலையைப் பார்த்தபடியே மெதுவாகச் சொன்னாள்: "நெசத்தச் சொல்லியிருந்தா அவனையும் எழுத வேண்டாம்னு சொல்லியிருப்பாரு. ஒரு ஊட்ல ஒருத்தர் போதும்னு நெனைச்சேன்."

நான் எழுந்தேன். மேடைக்குப் போய் அந்த மைக்கைப் பிடுங்கிவிடத்தான் எழுந்தேன். அக்கா என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். "உக்காரு. பாயசம் வருது" என்றாள். உட்கார்ந்தேன். பெரியப்பாமேல் வந்த கோபமும், மோர் கேட்ட அப்பாமேல் வந்த கோபமும், எள் விளக்கு டீச்சர்மேல் வந்த கோபமும் அன்றைக்கு ஒன்றாகத் திரண்டு அவள்மேல் திரும்பின. தன் எண்ணுக்கு ஒரு பொய் சொல்ல மறுத்தவள், அடுத்தவன் எண்ணுக்கு யோசிக்காமல் சொல்லியிருக்கிறாள். அந்தக் கோபம் இன்னும் அடங்கவில்லை, அடங்க வேண்டும் என்றும் நான் நினைக்கவில்லை.

அண்ணா, நீ இதைப் படிப்பாய் என்று எனக்குத் தெரியும். நான் எழுதுவதையெல்லாம் படித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று போன் செய்கிறவன் நீ. இந்த முறை போன் செய்ய வேண்டாம். போனைத் திறக்கும்போது அந்த எண்ணை ஒரு தடவை கூட்டிப் பார்.